நான்கு விரல் இடைவெளி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் அக்காவும் சுகம். நானும் சுகம்தான், வயிற்றைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறேன், அது ஏன் என்பது கீழே வருகிறது. அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். மூவரில் நீ சுகமாக இருப்பது உன் குரலிலேயே தெரிகிறது, வயிறாரச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்தவன் குரல். மற்ற இருவரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் ஆரம்பித்துவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன், எழுத்தில் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று பார். "அவ ரொம்ப சோம்பேறி ஆயிட்டாம்மா. குழந்தை பிறந்து பத்து மாசம் ஆச்சு, வயிறு இன்னும் அஞ்சு மாசம் மாதிரியே இருக்கு. ஜிம்ல சேத்துவிட்டேன், முதுகு வலிக்குதுன்னு சாக்கு சொல்றா. நீ எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா பெத்துட்டு மூணாம் மாசமே வேலைக்குப் போகலையா." இதுதான் நீ சொன்னது, ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. நான் "ம்" என்றேன். அம்மாவுக்கும் சம்மதம் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்திருப்பாய். நான் அப்போது மல்லாந்து படுத்திருந்தேன் மகனே, சிரித்தாலும் தையல் இழுக்கும், திட்டினாலும் தையல் இழுக்கும், "ம்" ஒன்றுதான் வலிக்காமல் வந்தது.

என்ன தையல் என்று கேட்பாய். ஐந்து வாரத்துக்கு முன் எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. அந்த வாரம் நீ மூன்று தடவை கூப்பிட்டாய், மூன்று தடவையும் அக்கா "அம்மா குளிக்கிறா" என்றாள். ஒரு மனுஷி வாரம் முழுக்கக் குளிப்பாளா என்று உனக்குத் தோன்றவே இல்லை. சொல்ல வேண்டாம் என்று அவளிடமும் அப்பாவிடமும் நான்தான் சத்தியம் வாங்கினேன். சொல்லியிருந்தால் நீ பதறியிருப்பாய், பதறி இணையத்தில் எதையாவது படித்துவிட்டு எனக்கே பாடம் எடுத்திருப்பாய். பயப்படும்படி ஒன்றுமில்லை, கட்டி இல்லை, புற்று இல்லை. நீயும் உன் அக்காவும் என் வயிற்றில் விட்டுப்போன ஒரு இடைவெளியைத் தைத்து மூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

விவரமாகச் சொல்கிறேன், உனக்குத் தெரிய வேண்டியது. வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு பட்டையாகத் தசை ஓடுகிறது. நடுவில் ஒரு சவ்வு இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. பிள்ளை வளர வளர அந்தச் சவ்வு விரிந்துகொடுக்கும், பெற்ற பிறகு நிறையப் பேருக்குத் தானாகவே பழையபடி சேர்ந்துவிடும். நீங்கள் இருவரும் சேர்ந்து ஐந்தரை கிலோ, உன் அக்கா ஏழு நிமிடம் முன்னால் வந்துவிட்டாள், நீ அவசரமே இல்லாமல் வந்தாய். எனக்கு அது சேரவே இல்லை. முப்பத்தொரு வருஷமாகச் சேரவில்லை. படுக்கையிலிருந்து எழும்போதெல்லாம் நெஞ்சுக்குக் கீழிருந்து தொப்புள் வரைக்கும் கூரை முகடு மாதிரி ஒரு மேடு எழும்பும், உட்கார்ந்ததும் அமுங்கிவிடும். நான் அதைக் கொழுப்பு என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். உன் அப்பா எனக்குப் பீப்பாய் என்று பெயர் வைத்தார். நீயும் அதைக் கேட்டுச் சிரித்தே வளர்ந்தாய், நினைவில்லை என்று சொல்லாதே. அப்பாவின் தங்கை, என் அருமை நாத்தனார், என் நாற்பத்தெட்டாவது வயதில் கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது "என்ன அண்ணி, விசேஷமா" என்று கேட்டாள். பஸ்ஸில் இரண்டு முறை எனக்கு எழுந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் முறை நான் உட்கார்ந்துகொண்டேன், முதுகு அவ்வளவு வலித்தது.

டாக்டரிடம் போகாமல் இல்லை. தெருமுனை டாக்டர், நாம் வாயு டாக்டர் என்போமே, அவரிடம் பதினேழு வருஷம் போயிருக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே என் வயிற்றைப் பார்த்து வாயு என்பார், மாத்திரை எழுதுவார், சாயங்காலம் நடங்கள் என்பார். கர்ட்டன் மாட்டும் வேலையில் நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்குகிறவளைப் பார்த்து நடக்கச் சொன்ன புண்ணியவான். பதினேழு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் எழுந்து வந்து தொட்டுப் பார்க்கவில்லை. தொடாமலே தெரிந்துகொள்ளும் வித்தையை எங்கே படித்தாரோ.

அடுத்தது உன் முறை. மூன்று வருஷம் முன்பு லீவில் வந்தபோது அம்மாவுக்கு அன்பளிப்பு என்று பெரிய மனுஷத்தனமாக ஒரு ஜிம்மில் சேர்த்துவிட்டுப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா. அங்கே இருந்த பயிற்சியாளன் கண்ணாடியில் தன் கையைப் பார்த்தபடியே எனக்குச் சொல்லிக்கொடுத்தான். மல்லாந்து படுத்து எழ வேண்டும், ஒரு நாளைக்கு ஐம்பது, பிறகு நூறு. ஒவ்வொரு தடவை எழும்போதும் அந்த மேடு கிளம்பும். "எரியுதா ஆன்ட்டி, அப்ப வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றான். வேலைதான் செய்தது. நான்காம் மாதம் தொப்புளுக்குப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு புடைப்பு வந்தது. அது குடலிறக்கத்தின் ஆரம்பம் என்று பிறகுதான் தெரிந்தது. விலகியிருந்ததை இன்னும் விலக்கிவிட்டிருந்தான். நீ போனில் "போறியாம்மா, விடாம போ" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தாய்.

போன மழைக்காலத்தில்தான் விஷயம் முற்றியது. ஒரு வக்கீல் ஆபீசில் கர்ட்டன் மாட்டப் போயிருந்தோம், கனமான துணி, உள்ளே லைனிங் வேறு. ஏணியின் ஐந்தாவது படியில் நின்று ராடைத் தலைக்கு மேல் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. இடுப்புக்கு மேலே எனக்கு உடம்பே இல்லாத மாதிரி, முன்னால் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. ராடு நழுவி வக்கீலின் கண்ணாடி மேஜையில் விழுந்து மேஜை சில்லுச் சில்லாகப் போயிற்று. நான் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன், இரண்டு பேர் வந்து இறக்கிவிட்டார்கள். என் முதலாளியம்மாவுக்கு என் மேல் பாசம் என்று இருபது வருஷமாக நினைத்திருந்தேன். மறுநாள் அவர் சொன்னது, "இனிமே ஏணி வேண்டாம்மா, கவுன்டர்ல உக்காந்து துணி சாம்பிள் காட்டுங்க, உங்க உடம்புக்கு அதான் சரி." உங்க உடம்புக்கு என்று சொல்லும்போது அவர் கண் என் முகத்தில் இல்லை, ஒரு முழம் கீழே இருந்தது. இந்த ஊரில் பாதி ஜன்னல்களின் அளவு எனக்கு மனப்பாடம். நான் கவுன்டரில் உட்கார்ந்து நீலத்தில் நாலு நிறம் இருக்கிறது என்று காட்ட வேண்டுமாம்.

உன் அக்காதான் பிடிவாதமாக முதுகு வலிக்கு ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் கூட்டிப்போனாள். உன்னைவிடச் சின்னவள் அவள், தலைமுடியைக் கிளிப் போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தாள். முதுகைக் காட்டச் சொல்வாள் என்று திரும்பி உட்கார்ந்தேன். "மல்லாந்து படுங்கம்மா, தலையை மட்டும் தூக்குங்க" என்றாள். தூக்கினேன். தொப்புளுக்கு மேலே விரலை வைத்து அழுத்தினாள். ஒரு விரல் உள்ளே போனது, பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று, நாலு விரலும் பக்கவாட்டில் போய் அப்படியே உள்ளே இறங்கின. என் வயிற்றுக்குள் ஒருத்தி கையை விட்டுக்கொண்டு நிற்கிறாள், எனக்கு வலியே இல்லை. "எத்தனை வருஷமா இப்படி இருக்கு" என்று கேட்டாள். முப்பத்தொரு வருஷம் என்றேன். அவள் கையை எடுக்காமல் என்னைப் பார்த்து, "யாரும் தொட்டே பாக்கலையா" என்றாள். தொட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை.

ஆறு மாதம் அவள் சொன்ன பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தேன். மூச்சை விட்டு வயிற்றை உள்ளே இழுப்பது, குதிகாலை மெல்லத் தரையில் தேய்த்து நீட்டுவது, இப்படி நிறைய. முதுகு கொஞ்சம் தேறியது, இடைவெளி குறையவில்லை, புடைப்பும் வளர்ந்தது. ரொம்பப் பழசு, சவ்வு தொளதொளத்துவிட்டது, இனி தைத்தால்தான் உண்டு என்று அவளே சர்ஜனிடம் எழுதிக்கொடுத்தாள். சர்ஜன் குட்டையான மனிதர், பேச்சு கம்மி. ஸ்கேன் எடுத்து, காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இரண்டு பக்கத்தையும் இழுத்து நடுவில் சேர்த்துத் தைக்கணும் என்றார். என் தொழில் விஷயம் வந்துவிட்டதே, நான் சும்மா இருப்பேனா. கரையிற நூலா, கரையாததா என்று கேட்டேன். "கரையாததுதான்" என்றார். ஒரே தையலா என்றேன். "ரெண்டு வரிசை. அடியில ஒரு வலையும் வச்சு விடுவோம்." லைனிங் மாதிரியா என்றேன். அந்த மனிதர் முதல் தடவையாகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாம்மா, லைனிங்தான்" என்றார். என் வயிற்றைப் பற்றி முப்பத்தொரு வருஷத்தில் என்னிடம் மரியாதையாகப் பேசியவர்கள் அந்தப் பெண்ணும் இந்த மனிதரும், ஆக மொத்தம் இரண்டு பேர்.

உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா. "இந்த வயசுல வயித்தை ஒட்ட வச்சு யாருக்குக் காட்டப் போறே" என்றார். பஸ் டிப்போவில் எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று முப்பது வருஷம் குறித்துவைத்த மனிதர், பக்கத்தில் படுத்திருப்பவள் ஒருக்களித்துக் கையை ஊன்றித்தான் எழுகிறாள் என்பதை ஒரு நாளும் குறித்துக்கொள்ளவில்லை. நான் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன், போட்டார். ஆபரேஷன் மூன்று மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்த சர்ஜன், "ஒரு கை அகலம் விரிஞ்சிருந்துச்சு, இதை வச்சுக்கிட்டு எப்படி ஏணி ஏறினாங்க" என்று கேட்டிருக்கிறார். உன் அப்பா, "ஏறுவா சார், அவ எல்லாம் பண்ணுவா" என்றாராம், பெருமையாக. அக்கா சொன்னாள். பெருமை வேறு. பிறகு அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாராம்.

முதல் வாரம் நான் நிமிரவில்லை, கேள்விக்குறி மாதிரி வளைந்துதான் நடந்தேன். இரண்டு பக்கமும் குழாய் வைத்து அதன் முனையில் சின்னக் குப்பி தொங்கும், அதில் சேரும் நீரை அளந்து எழுத வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இரும வேண்டும். தும்மல் வந்தால் சொல்லவே வேண்டாம், ஒரு தும்மலுக்கு உன்னையும் அக்காவையும் இன்னொரு தடவை பெற்ற மாதிரி இருந்தது. பெல்ட்டை அப்பாதான் கட்டிவிடுகிறார், அக்காவுக்கு வேலை இருக்கிறதே. முதல் நாள் தலைகீழாகக் கட்டினார். கட்டு மாற்றும்போது அந்தக் காயத்தை, இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரை இருக்கும் கோட்டை, பார்த்துவிட்டு அவர் விரல் நின்றுபோயிற்று. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எனக்குச் சிரிப்பு வந்து தையல் இழுத்திருக்கும். ஆனால் அன்றிலிருந்து பீப்பாய் என்ற சொல் இந்த வீட்டில் இல்லை. பழக்கதோஷத்தில் உதடு வரை வருகிறது, வந்து திரும்பிப் போகிறது, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். திண்டாடட்டும்.

மூன்றாம் வாரம் நாத்தனார் பழப்பையோடு வந்தாள். உட்காருவதற்கு முன்பே, "அழகு ஆபரேஷனாமே அண்ணி, இந்த வயசுல உங்களுக்குத் தைரியம்தான்" என்றாள். அந்தப் பழத்தை அவள் தலையிலேயே உருட்டிவிடலாமா என்று பார்த்தேன், குனியக் கூடாது என்று உத்தரவு. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார், அவருக்கு எப்போதுமே நேரம் தெரியும். நான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், நாலு விரல், வலை, இரண்டு வரிசைத் தையல். கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "எனக்கும் கொஞ்சம் பாருங்களேன் அண்ணி" என்றாள். மூன்று பெற்றவள், எனக்கு அது தோன்றவே இல்லை. என் கட்டிலில் என் பக்கத்தில் படுத்துத் தலையைத் தூக்கினாள், நான் விரலை வைத்தேன். மூன்று விரல் போயிற்று. என்னைக் கூடம் நிறைய ஆட்களுக்கு முன்னால் கேலி செய்தவள், தன் வயிற்றை எவ்வளவு வருஷமாகத் தளர்ந்த துணிக்குள் மறைத்துக்கொண்டு கேலி செய்திருக்கிறாள். அவள் மேல் எனக்கு இருந்த வெறுப்பு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பிசியோதெரபி பெண்ணின் நம்பரை எழுதிக் கொடுத்தேன், அவள் இப்போது அங்கே போகிறாள்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகுதான் உன் போன் வந்தது. சோம்பேறி என்றாய். திங்கட்கிழமை, நீ வேலைக்குப் போயிருக்கும் நேரமாகக் கணக்குப் பார்த்து மருமகளைக் கூப்பிட்டேன். முதலில் ஒன்றும் இல்லை அத்தை என்றாள். பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கும்போது இடுப்பு கழன்று விழுவது போல இருக்கிறதாம், ஜிம்மில் படுத்து எழச் சொல்கிறார்களாம், முடியவில்லை என்று சொன்னால் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாயாம், அதற்குப் பயந்துகொண்டு போகிறாளாம். பயந்துகொண்டு. நான் பெற்ற பிள்ளைக்கு ஒருத்தி பயப்படுகிறாள் என்று கேட்க எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய். படுக்கச் சொன்னேன். தலையைத் தூக்கி விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்தாள், குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. "மூணு விரல் போகுது அத்தை" என்றாள். அப்புறம், "அப்ப நான் சோம்பேறி இல்லையா அத்தை" என்று கேட்டாள். அவள் வயதில் நானும் யாரிடமாவது அதைக் கேட்க நினைத்திருக்கிறேன், கேட்க ஆள் இல்லை. "இல்லடி கண்ணு, யார் சொன்னாலும் இல்ல" என்றேன். அதோடு இன்னொன்றும் அவளிடம் சொன்னேன், உன்னிடமும் சொல்கிறேன். நீ குழந்தையைக் காட்டும் வீடியோவில் அவள் குறுக்கே நடந்தபோது, கொஞ்சம் நடந்தால் குறையுமே என்று நானும் நினைத்தேன். நானே அப்படி நினைத்தேன். இந்தக் கடிதத்தில் நான் காறித் துப்பும் ஆட்கள் பட்டியலில் என் பெயரும் உண்டு.

இனி செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொள். அந்த ஜிம் இன்றோடு போதும். அவளைப் படுத்து எழச் சொல்லாதே, எழும்போது ஒருக்களித்துக் கையை ஊன்றி எழட்டும். அவளுக்கு என்னைப் போல ஆபரேஷன் வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பத்து மாதம்தான் ஆகிறது, சரியான பயிற்சியிலேயே நன்றாகத் தேறலாம் என்று என் பிசியோதெரபி பெண் சொல்கிறாள். தேறாவிட்டால் அப்போது என்ன செய்வது என்பதை அவள் முடிவு செய்வாள், வயிறு அவளுடையது. நீ குழந்தையைத் தூக்கு, துணி மூட்டையைத் தூக்கு, தண்ணீர்க் கேனைத் தூக்கு. வயிற்றைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. கண்ணாடி முன் நின்று உன் வயிற்றையும் ஒரு தடவை பார்த்துக்கொள், எதையும் பெறாமலேயே அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று போன வீடியோவில் நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. இன்று காலை முதல் தடவையாகக் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தேன். முதலாளியம்மா போன் செய்தார், புதிதாக வைத்த ஆள் மூன்று வீட்டில் அளவைத் தப்பாக எடுத்துவிட்டானாம், எப்போ வர்றீங்க என்று தேனாகக் கேட்டார். இன்னும் இரண்டு மாதம் ஆகும், வந்தால் ஏணிக்குத்தான் வருவேன், கவுன்டருக்கு வர மாட்டேன் என்றேன். "உங்க இஷ்டம்மா" என்றார். என் இஷ்டம்தான்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். பேத்திக்கு என் முத்தம். மருமகளுக்கு என் முழு ஆசீர்வாதம், உனக்குப் பாதி, மீதியை நீ நடந்துகொள்வதைப் பார்த்துத் தருகிறேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அங்கே ஒரு பிசியோதெரபி டாக்டரிடம் அவளே நேரம் வாங்கியிருக்கிறாள், லீவு போட்டுவிட்டு நீயும் போ, வெளியே உட்கார்ந்து குழந்தையை வைத்துக்கொள், கூப்பிட்டால் மட்டும் உள்ளே போ.

கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடு. மறைத்துவிடலாம் என்று நினைக்காதே, இதே கடிதத்தைக் கையாலேயே இன்னொரு தடவை எழுதி அவள் பெயருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா